லினக்ஸ் இமேஜ் கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் தமிழ்வழிப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கம்ப்யூட்டர் லேபைக் கவனித்துவரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் லேப்டாப் பழுது பார்க்கும் வேலை என்னுடையது. ஐடி தேர்வு நெருங்கும் மாதங்களில் வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமிருந்து பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வீட்டில் இருப்பது விண்டோஸ். பள்ளியில் படிப்பதோ, உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் அரசு நிறுவனமான கைட் வெளியிடும் லினக்ஸ். வீட்டிலும் பழகட்டும் என்று விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கணினியைப்போல லினக்ஸை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளுக்கான இமேஜ் (முழு லினக்ஸும் அடங்கிய கோப்பு) ஒன்றைப் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறீர்கள். விண்டோஸை அழிக்காமல், பெற்றோருக்குப் பயம் இல்லாமல் லினக்ஸ் பழக இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் என் கைக்கு வரும் இமேஜ்களில் பெரும்பாலானவற்றில் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருள் போடப்படவில்லை. அதைப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

அது இல்லாத இமேஜைப் பிள்ளை திறந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். திரை நடுவில் ஒரு சின்னக் கட்டம். ஜன்னலை எவ்வளவு இழுத்தாலும் உள்ளே இருக்கும் லினக்ஸ் பெரிதாகாது. படம் வரையும் இங்க்ஸ்கேப்பைத் திறந்தால் பாதிக் கருவிகள் திரைக்கு வெளியே போய்விடும். விண்டோஸில் டவுன்லோடு செய்த பாடக்குறிப்பை உள்ளே கொண்டுபோக வழி தெரியாது. இங்கே காப்பி செய்தது அங்கே பேஸ்ட் ஆகாது. லேப்டாப்பை மூடித் திறந்தால் உள்ளே கடிகாரம் பின்தங்கி நிற்கும். அதன் பிறகு அப்டேட் கேட்டால், கோப்பின் தேதி இன்னும் வரவே இல்லை என்று பிழை காட்டும். இத்தனையையும் பார்த்த பிள்ளை "லினக்ஸ்னாலே இப்படித்தான் அண்ணா" என்கிறது. குறை லினக்ஸில் இல்லை என்று அதற்குப் புரியவைப்பது எளிதாக இல்லை.

காரணம் இதுதான். உள்ளே ஓடும் லினக்ஸ், தான் ஒரு முழுக் கணினியில் ஓடுவதாகவே நம்புகிறது. வெளியே ஒரு ஜன்னல் இருப்பதும், அதன் அளவு மாறுவதும், பக்கத்தில் விண்டோஸின் கிளிப்போர்டு இருப்பதும் அதற்குத் தெரியாது. விர்ச்சுவல்பாக்ஸ் உள்ளே ஒரு கற்பனை பிசிஐ சாதனத்தை வைக்கிறது. கெஸ்ட் அடிஷன்ஸில் உள்ள 'விபாக்ஸ்கெஸ்ட்' என்ற கெர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையமான கெர்னலோடு சேரும் துண்டு) அந்தச் சாதனத்தின் வழியாகத்தான் வெளியே பேசுகிறது. திரை அளவு, காப்பி பேஸ்ட், நேரம், ஷேர்டு ஃபோல்டர் (விண்டோஸும் லினக்ஸும் பகிரும் ஃபோல்டர்) எல்லாம் அந்தப் பேச்சில் நடப்பவை.

போடுவது முன்போலக் கடினமும் இல்லை. 2018-இல் லினக்ஸ் கெர்னல் 4.16-லேயே விபாக்ஸ்கெஸ்ட் சேர்ந்துவிட்டது. ஷேர்டு ஃபோல்டருக்கான மாட்யூல் 2020-இல் 5.6-இல் வந்தது. ஆகவே உபுண்டு வழி இமேஜ் என்றால் அதன் களஞ்சியத்தில் இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-யூடில்ஸ், விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-எக்ஸ்11 என்ற இரண்டு பேக்கேஜ்களைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் போதும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையை வைத்திருக்கும் கல்லூரிகளுக்கு இந்த வழி இல்லை. டெபியன் 9 முதல் நிலையான வெளியீட்டில் விர்ச்சுவல்பாக்ஸ் பேக்கேஜ்களே கிடையாது. அங்கே மெனுவில் உள்ள கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியைச் செருகி, உள்ளே இருக்கும் ரன் கோப்பை ரூட்டாக (நிர்வாகி அனுமதியோடு) ஓட்ட வேண்டும். அதற்கு முன் பில்ட்-எசென்ஷியல் என்ற நிரல் கட்டும் கருவிகளும், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குரிய ஹெட்டர்களும் (மாட்யூல் கட்டத் தேவையான கோப்புகள்) இருக்க வேண்டும். ஹெட்டர் பொருந்தாவிட்டால் மாட்யூல் கட்டப்படாது, திரை பழையபடியே நிற்கும். முதலில் லினக்ஸை முழுதாக அப்டேட் செய்து, ரீஸ்டார்ட் செய்துவிட்டு, பிறகு இந்த வேலையில் இறங்குங்கள். இதையெல்லாம் பிள்ளையின் வீட்டில், அப்பாவின் போன் ஹாட்ஸ்பாட்டில் செய்யச் சொல்வது நியாயமில்லை. லேபில் ஒருமுறை செய்து இமேஜ் எடுத்தால் எல்லாருக்கும் போய்ச்சேரும்.

இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். ஷேர்டு ஃபோல்டர், லினக்ஸின் 'மீடியா' ஃபோல்டருக்குள் 'எஸ்எஃப்' என்று தொடங்கும் பெயரில் தெரியும், திறந்தால் அனுமதி இல்லை என்று சொல்லும். மாணவர் கணக்கை 'விபாக்ஸ்எஸ்எஃப்' குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழைந்தால் சரியாகும். கிளிப்போர்டு முதலில் அணைந்தே இருக்கும். டிவைசஸ் மெனுவில் இருபக்கமும் என்று மாற்ற வேண்டும். உபுண்டு 22.04, 24.04-இல் அப்படியும் காப்பி பேஸ்ட் தகராறு செய்தால், லாகின் திரையின் பல்சக்கரத்தில் திரையைக் கையாளும் பழைய முறையான எக்ஸ்ஆர்க் அமர்வைத் தேர்ந்தெடுங்கள். புதிய முறையான வேலண்ட் அமர்வில் இது இன்னும் நம்பகமாக இல்லை.

கிளிப்போர்டை நான் இவ்வளவு வற்புறுத்துவது தமிழுக்காக. நம் பிள்ளைகள் எழுதுவது தமிழில்தான். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமே தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் எழுதலாம் என்கிறது. விண்டோஸில் பழகிய விசைப்பலகையில் ஒரு பத்தி அடித்துவிட்டு, அதை உள்ளே லிப்ரே ஆபீஸில் ஒட்ட முடியாமல், பிள்ளை அதையே ஆங்கிலத்தில் அடித்துக் கொண்டுவருவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. இமேஜ் தயாரானதும் ஒரு தமிழ் வரியை வெளியிலிருந்து உள்ளேயும், உள்ளேயிருந்து வெளியேயும் ஒட்டிப் பாருங்கள். அதே கையோடு ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுப் பேக்கேஜைப் போட்டு தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துவிடுங்கள்.

வேறு மென்பொருள் வைத்திருப்போருக்கும் இதே வேண்டுகோள்தான். விஎம்வேர் என்றால் ஓப்பன்-விஎம்-டூல்ஸும் அதன் டெஸ்க்டாப் பேக்கேஜும். கேவிஎம் என்றால் கியூஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட்டும் ஸ்பைஸ்-விடிஏஜென்ட்டும்.

கிளிப்போர்டு, ஷேர்டு ஃபோல்டர் இரண்டையும் வீட்டுக் கணினியில் எங்கே போய் இயக்குவது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, பென்டிரைவில் இமேஜுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். எழுதித்தர யாரும் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன். இமேஜ் தயாரிக்கும் நாளில் கூட ஒரு ஆள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், கடையைச் சாத்திவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கணினிப் பழுதாளர்