மக்ளே, இந்த மாசம் பைசா அனுப்பாதே

மக்ளே,

மேலவீட்டுப் பையன் வியாழக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் பேச்சு எடுத்தால் "நெட் சரியில்லப்பா" என்று நீ வைத்துவிடுகிறாய். காகிதம் என்றால் முழுதும் வாசித்துத்தானே ஆகவேண்டும்.

முதல் காரியம். பிள்ளைகள் ஆபரேஷன் வகைக்கு என்று நீ அனுப்புகிற பைசா இந்த மாசம் வேண்டாம். அடுத்த மாசமும் வேண்டாம். நான் சொல்லும்போது அனுப்பினால் போதும்.

நீ ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை. ஆனாலும் அந்தப் பைசா எங்கே போகிறது என்று சொல்கிறேன். கோதையாறு பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, உதடும் அண்ணமும் பிளந்து பிறந்தது. நர்சம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போனபோது தாய்க்காரி பிள்ளையைத் துணியால் மூடி உள்ளறையில் வைத்திருந்தாள். கிரகணத்தன்றைக்கு அரிவாள்மணையில் மீன் நறுக்கினதால் வந்தது என்று மாமியார் தினமும் குத்திக்கொண்டிருந்திருக்கிறாள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வயிற்றில் உருவாகிற முதல் இரண்டு மூன்று மாசத்திலேயே சேரவேண்டியது சேராமல் போவது என்று நானும் நர்சம்மாவும் சொல்லிப் பார்த்தோம். கிழவி தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியாது.

பிள்ளைக்குப் பால் உறிஞ்ச முடியாது. படுக்கவைத்துப் புகட்டினால் மூக்கு வழியாக வரும். நிமிர்த்தி மடியில் உட்காரவைத்துப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க நர்சம்மா பழக்கினாள். டாக்டர்மார் பழைய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: 10 வாரம், நாலரைக் கிலோ எடை, ஹீமோகுளோபின் 10. இது மூன்றும் இருந்தால்தான் மயக்கமருந்து கொடுத்து உதட்டைத் தைப்பார்கள். வாரம் எப்போதோ ஆகிவிட்டது, எடை ஏறத்தான் மாசங்கள் ஆயின. தேதி கிடைத்து வண்டி பிடித்துப் போனால், பிள்ளைக்குச் சளி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சளி இருந்தால் மயக்கம் கொடுப்பது ஆபத்து, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் போன வண்டிக்கூலி போனதுதான்.

ஆபரேஷன் ஃப்ரீ என்று எல்லாரும் லேசாகச் சொல்கிறார்கள். உதட்டுப் பிளவுக்கு ஸ்மைல் ட்ரெயின் மாதிரி தர்ம ஸ்தாபனங்கள் ஆஸ்பத்திரிக்கே பைசா கட்டிவிடுகின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. 72,000 ரூபாய் என்றிருந்த வருஷ வருமான வரம்பை 1,20,000 ஆக்கினார்கள். ஆனால் இந்தப் பிள்ளையின் வீட்டில் கல்யாணம் முடிந்து தனி ரேஷன் கார்டே எடுக்கவில்லை, பேர் இன்னும் தகப்பன்காரனுடைய அப்பன் கார்டில் கிடக்கிறது. அதைப் பிரிக்க, வருமானச் சான்று வாங்க, நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் போய்க் காப்பீட்டு அட்டைக்குப் படம் எடுக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும். தகப்பன்காரன் ரப்பர் பால்வெட்டுக்காரன். மழை பெய்தாலே வெட்டு இல்லை. தாய்க்காரி அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிற கணக்குக்குத்தான் கூலி வாங்குகிறவள். உன் பைசா போகிறது இதற்குத்தான். டாக்டருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

இதில் பெரிய தொல்லை இரண்டாவது ஆபரேஷன். உதடு தைத்ததும் முகம் நேராகிவிடும், போட்டோ எடுத்து எல்லாருக்கும் காட்டுவார்கள், அத்தோடு ஆளைக் காணாது. அண்ணத்தை ஒன்றரை வயசுக்குள் மூடவேண்டும். இல்லாவிட்டால் பேச்சு மூக்கு வழியாக வரும், பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காது. நான் வகுப்பில் அப்படிப் பிள்ளைகளைப் பார்த்தவன். அதனால் வீடு தேடிப் போய் நிற்பேன். "ஒண்ணும் இல்ல சாரே, பிள்ளைக்குச் சுகம்தான்" என்பார்கள். நேராகக் கேட்டால் அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நானும் ரப்பர் விலை, மாடு, மழை என்று பேசிக்கொண்டு திண்ணையில் இருப்பேன். கிளம்புகிற நேரத்தில்தான் சொல்வார்கள், கையில் பைசா இல்லை, கேட்கக் கூச்சம் என்று.

போன வாரம் நீயும் அதே மாதிரிதான் "ஒண்ணும் இல்லப்பா, சுகம்தான்" என்றாய்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. போன மாசப் பைசா வேறு யாரோ பேரில், பன்னிரண்டாம் தேதி வந்தது. அதையும் கேட்கவில்லை. வீடியோவில் உனக்குப் பின்னால் இருக்கிற சுவர் மாறிவிட்டது, வேலைநேரத்தில் ரூமில் இருக்கிறான் என்று அம்மை சொன்னாள். லீவாக இருக்கும் என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். சாப்பிடு. வட்டிக்கு வாங்காதே. பொன்மனைக்காரரிடம் வாங்கினது எந்த இடத்தில் கொண்டுவிட்டது என்று உனக்குத் தெரியும். வட்டிக்கு மட்டும் வாங்காதே.

உன் பாட்டாவுக்கு வயிற்றுப்புண்ணுக்கு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கீறினது சாமர்வெல் டாக்டர். எவரெஸ்ட் ஏறப் போன மனுஷன், 1922-இல் மலையிலிருந்து இறங்கி ஊர் சுற்ற வந்தவர், நெய்யூரில் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்து, ஊருக்குப் போய்விட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். பிறத்தியார் தயவில் பிழைத்த குடும்பம் நம்முடையது, அதில் நமக்கு என்றைக்கும் நாணக்கேடு இருந்ததில்லை. அந்த வீட்டுப் பிள்ளை நீ முதல் சம்பளத்திலேயே இந்தக் காரியத்துக்கு எடுத்து வைத்தாய். ஊரில் நான் நெஞ்சு நிமிர்த்தி நடந்தது அதனால்தான். ஆனால் கடன் வாங்கித் தர்மம் செய்யச் சொல்லி நான் உன்னை வளர்க்கவில்லை. அப்படிச் செய்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

இந்தச் செலவை என் பென்ஷன் தாங்கும். நம் தோட்டத்திலும் வெட்டு நடக்கிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளைக்கு மறுபடி தேதி கொடுத்திருக்கிறார்கள். சளி இல்லை, நர்சம்மா பார்த்துவிட்டாள். உள்ளே கொண்டுபோன பிறகு மத்தியானம் வரை எனக்கு வராந்தாவில் சும்மா இருக்கிற வேலைதான். அப்போது கூப்பிடு, அம்மை பக்கத்தில் இருக்கமாட்டாள். எது இருந்தாலும் சொல். திரும்பி வருகிற டிக்கெட்டுக்கு வேண்டியது பாஸ்புக்கில் கிடக்கிறது, அதை நான் தொடவில்லை.

அப்பா