முதலில் அவர்கள் பங்கை எழுதுங்கள்: சால்மன் பருவத்துக்கு நாள் குறிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கனடாவில், வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் யார் எத்தனை நாள் சால்மன் பிடிக்கலாம், எத்தனை மீன் பிடிக்கலாம் என்று முடிவு செய்கிற அரசு அதிகாரிகள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நான் வக்கீலும் இல்லை, மீனவனும் இல்லை. டோஃபினோவில் ஒரு விடுதியின் சமையலறையில் 9 வருஷமாக வேலை செய்கிறேன். ஆங்கிலத்தில் எழுதி உங்களுக்கு முறைப்படி அனுப்பியாகிவிட்டது. தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. கோடை வந்தால் டொரண்டோவிலிருந்தும் சர்ரேயிலிருந்தும் நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாக இங்கே வருகிறார்கள், கடலைப் பார்க்கிறார்கள், மீன் சாப்பிடுகிறார்கள், போய்விடுகிறார்கள். அந்தத் தட்டுக்கு வராத மீனைப் பற்றி அவர்களுக்கும் தெரியட்டும்.

இந்தக் கரையின் 5 பூர்வகுடி இனத்தார், மீன் பிடித்து விற்கும் உரிமைக்காக அரசோடு நடத்திய வழக்கைப் பற்றித்தான் இந்த மடல். அதன் விவரமெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நேராக இந்த ஆகஸ்டுக்கே வந்துவிடுகிறேன்.

எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் இருக்கிறார், அந்த 5 இனங்களில் ஒன்றான அஹௌசாட்காரர். அவரை நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். பூர்வகுடிகளிடையே வயதில் மூத்தவர்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நம் ஊர் மாதிரியே. அவரிடம் 22 அடி அலுமினியப் படகு ஒன்று இருக்கிறது, ஒற்றை எஞ்சின். அவரும் பேரனும்தான் போவார்கள். சால்மனில் ஒரு வகையான சினூக்கைப் பிடிக்க மூன்று நாள் திறப்பு, அதாவது அனுமதி, என்று முந்தின நாள் சாயங்காலம் தகவல் வந்தது. அந்த ராத்திரியே கடன் சொல்லி டீசல் போட்டார், ஐஸ் வாங்கி நிரப்பினார். பேரன் படகுத்துறை விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு கொக்கியின் உள்முள்ளையும் குறட்டால் நசுக்கிக்கொண்டிருந்தான். முள் நசுக்காத கொக்கி கூடாது என்பது விதி, அதில் அவர்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. பிடிக்கக் கூடாத மீன் மாட்டினால் வாய் கிழியாமல் எடுத்து விடலாம் என்று அவனே எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

முதல் நாள் மேற்கிலிருந்து அலை ஏறிவிட்டது. சிறு படகுகள் போக வேண்டாம் என்று வானொலியில் எச்சரிக்கை. இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் கொஞ்சம் இறங்கியதும் போனார்கள். நாலு மீன். கிளம்பும்போது போனில் சொல்லி, திரும்பும்போது போனில் சொல்லி, துறையில் கணக்கெடுப்பவர் வந்து நாலையும் எண்ணிக் குறித்துக்கொண்ட பிறகுதான் படகை விட்டு இறங்கினார்கள். அன்று மாலையோடு திறப்பு முடிந்தது.

நாலாம் நாள் கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. காலை ஐந்தரைக்கு நான் வேலைக்குப் போகும்போது, இரட்டை எஞ்சின் போட்ட மூடுபடகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போய்க்கொண்டிருந்தன. விடுதி விருந்தாளிகள், பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவர்கள், சினூக் பிடிக்கப் போகிறார்கள். அங்கிள் தன் படகில் நின்று, பெட்டியில் மிஞ்சியிருந்த ஐஸை வாளி வாளியாகக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கை தூக்கினார். நானும் தூக்கினேன். நின்று என்ன சொல்வது என்று தெரியாமல் நடந்துவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது.

காற்று அடித்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை, எனக்குத் தெரியும். ஆனால் மூன்று நாள் என்று குறித்தது காற்று இல்லை. பெரிய படகுக்கு மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான். 22 அடிப் படகுக்கு அது ஒரு மதியம். கடலுக்கே போக முடியாமல் போன நாளுக்கு மாற்று நாள் உண்டா என்று அவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை.

அன்று இரவு என் வேலையைச் சொல்கிறேன். விருந்தாளிகள் பிடித்து வந்த மீனைத் துண்டம் போட்டு, காற்றை உறிஞ்சி பையில் அடைத்து, பெயர் எழுதி ஒட்டி, உறைபெட்டியில் அடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு சினூக் வரை பிடிக்கலாம். மறுநாள் அது பெட்டி பெட்டியாக விமானம் ஏறும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அன்பாகப் பேசுகிறவர்கள், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரிய மீன் பிடித்த சந்தோஷத்தில் இருப்பவர்கள். அப்படிப் பிடித்த மீனை விற்கக் கூடாது என்பது சட்டம், அதனால் அதை நான் வேறு யாருக்கும் பரிமாற முடியாது. பரிமாறுகிற சால்மன், படகில் ஏறிக் கடல் தாண்டி, லாரியில் போர்ட் ஆல்பர்னி மலைப்பாதை வழியாக வருகிறது. "இது உள்ளூர் மீனா?" என்று தினமும் பத்து பேர் கேட்கிறார்கள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அங்கிளின் படகு தெரியும். கட்டித்தான் கிடக்கும்.

இந்தக் கரையில் அஹௌசாட், எஹாட்டிசாட், ஹெஸ்க்வியாட், மோவாச்சாட்–முச்சலாட், ட்லா-ஓ-குவி-ஆட் ஆகிய 5 இனத்தாருக்கும் தங்கள் கடலில் மீன் பிடிக்கவும் பிடித்ததை விற்கவும் உரிமை உண்டு என்று 2009ல் பிரிட்டிஷ் கொலம்பியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது யாரும் போட்ட பிச்சை கிடையாது. 1778ல் கேப்டன் குக் இந்தக் கரையின் நூட்கா கடற்கழியில் நங்கூரம் போட்டபோதே, மோவாச்சாட் மக்கள் ஓடத்தில் வந்து மீனும் தோலும் கொடுத்து இரும்பு வாங்கியவர்கள். அதற்கு முன்னாலும் அக்கம்பக்கத்து இனங்களோடு மீன் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருந்தது. 1880களில் பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கு நிலம் அளந்தபோது, இவர்கள் கடலை நம்பி வாழ்கிறவர்கள், நிறைய நிலம் எதற்கு என்று துண்டு துண்டாகக் கொடுத்தார்கள். நிலத்தைக் குறைக்க மீனைக் காரணம் காட்டிவிட்டு அப்புறம் மீனையும் குறைத்தால், அவர்கள் எதை வைத்துப் பிழைப்பது?

அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு, அதற்கு மேல் ஒட்டாவா உச்ச நீதிமன்றம், அங்கிருந்து திரும்பி வந்து மறுபடி மேலே. 2014ல் அந்தக் கதவும் மூடி, உரிமை உறுதியானது. அப்புறம், உரிமை இருக்கிறது சரி, அதை அரசு கட்டுப்படுத்துவது நியாயமா இல்லையா என்று இன்னொரு நீண்ட விசாரணை. 2018ல் வந்த தீர்ப்பைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சினூக்கிலும் இன்னொரு சால்மன் வகையான கோஹோவிலும் பொழுதுபோக்கு மீன்பிடிப்பை இவர்கள் உரிமைக்கு முன்னால் வைத்த 1999ஆம் வருஷத்துக் கொள்கை நியாயமில்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. சின்னப் படகு, குறைந்த செலவு என்றெல்லாம் அதே தீர்ப்பு அந்த உரிமைக்குப் போட்டிருந்த வேலியையும் 2021ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எடுத்துவிட்டது. வழக்குப் போட்டது 2003ல். அப்போது சாட்சி சொன்ன முதியவர்களில் பலர் இன்று இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒவ்வொரு வசந்தத்திலும் கணக்குப் போடும்போது எல்லோருக்கும் பங்கு எழுதி முடித்துவிட்டு, கடைசியில் மிஞ்சியதை இந்த 5 இனத்தாருக்கு எழுதுகிறீர்கள் என்றுதான் படகுத்துறையில் நிற்கும் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. நான் கேட்பது ஒன்றுதான்: முதலில் அவர்கள் பங்கை எழுதுங்கள். அப்புறம் மற்றவர்களுக்குப் பிரியுங்கள்.

மீன் குறைந்துவிட்டது, அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு என்று சொல்வீர்கள். மீன் குறைந்தது உண்மை. இந்தக் கரையின் ஆறுகளுக்கே உரிய காட்டுச் சினூக்கின் நிலைமை மோசம், அதை முதலில் சொல்வதே அங்கிள்தான். சில ஆறுகளின் வாயில், மீன் ஏறும் காலத்தில், யார் அனுமதித்தாலும் அவர் தூண்டில் போட மாட்டார். ஆனால் வெளிக்கடலில் பிடிபடுவதில் பெரும்பகுதி தெற்கே, அமெரிக்க ஆறுகளுக்குப் போகிற மீன். அதற்காகத்தான் இரண்டு நாட்டுக்கும் நடுவே 1985லிருந்து ஒப்பந்தம் இருக்கிறது. 2019ல் அதைப் புதுப்பித்தபோது இந்தக் கரையின் சினூக் பிடிப்பில் 12.5 சதவீதம் வரை குறைக்க ஒப்புக்கொண்டீர்கள். குறைக்க வேண்டியதுதான். அந்த வெட்டு முதலில் யார் தட்டில் விழ வேண்டும் என்பதுதான் என் கேள்வி. வேறு நாள் வந்து வேறு மீன் பிடிக்க வசதி இருப்பவர் தட்டிலா, இதை விற்றுத்தான் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்குக் காசு சேர்க்க வேண்டும் என்றிருப்பவர் தட்டிலா?

சீர்திருத்தம் என்று சொல்லி இந்தக் கரைக்குச் செய்ததெல்லாம் நினைவுக்கு வருகிறது. 1996ல் மிஃப்லின் திட்டம் வந்தது. ஒரு உரிமத்துக்குக் கடலில் ஒரு பகுதிதான், இன்னொரு பகுதி வேண்டுமா, இன்னொரு உரிமத்தை விலை கொடுத்து வாங்கு. பணம் இருந்தவர்கள் வாங்கினார்கள். சின்ன ஊர்களில் இருந்தவர்கள் விற்றுவிட்டுக் கரையேறினார்கள். அஹௌசாட் துறையில் ஒரு காலத்தில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் காலை வைத்தே அக்கரைக்கு நடந்து போகலாம் என்று அங்கிள் சொல்வார். அந்தத் துறையை நான் பார்த்திருக்கிறேன், ஒரு படகுக்கும் அடுத்த படகுக்கும் நடுவே தண்ணீர்தான் இருக்கிறது. வலைக்கூண்டில் சால்மன் வளர்க்கிற பண்ணைகளை 2029க்குள் எடுத்துவிடுவோம் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதுவாவது சொன்ன தேதியில் நடக்குமா என்று ஊரில் யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். உங்கள் வார்த்தையை நம்பும் பழக்கமே இந்த ஊரில் போய்விட்டது. அது எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, இப்படியே எழுதிக்கொண்டு போனால் கேட்க வந்ததை விட்டுவிடுவேன்.

5 இனத்தாரும் 2012லிருந்து தாக்-வீஹாக் என்ற பெயரில் தங்கள் மீன்பிடிப்பை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். பரம்பரைத் தலைவர்களான ஹாவீயின் அனுமதியோடு பிடிப்பது என்று அதற்கு அர்த்தம். எண்ண ஆள் இருக்கிறது, குறிப்பேடு இருக்கிறது, எந்த மீன் எந்தப் படகில் வந்தது என்ற கணக்கு இருக்கிறது. எப்படி நடத்துவது என்று அவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தயவுசெய்து அவர்களோடு உட்கார்ந்து, அடுத்த பருவத்துச் சினூக் எண்ணிக்கையை மற்ற யாருக்கும் பிரிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டால் எந்த நாள் போவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எந்த நாள் 22 அடிப் படகு வெளியே போகலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். நாளாகத்தான் குறிப்போம் என்றால், காற்றில் போன நாளுக்கு மாற்று நாள் கொடுங்கள். முந்தின நாள் சாயங்காலம் சொல்லாமல், டீசலுக்கும் ஐஸுக்கும் ஏற்பாடு செய்யும் அளவுக்காவது முன்கூட்டிச் சொல்லுங்கள். மீன் குறையும் வருஷத்தில் வெட்டு வேண்டுமென்றால், பொழுதுபோக்குப் பங்கிலிருந்து தொடங்குங்கள். முதலில் இவர்கள் பங்கை எழுதுங்கள் என்று மறுபடியும், மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன்.

விருந்தாளி குறைந்தால் உனக்கு வேலை போகுமே என்று என்னோடு வேலை செய்கிற ஒருவர் கேட்டார். நானும் யோசித்தேன். என் சம்பளம் அந்த மூடுபடகுகளை நம்பித்தான் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் துறையில் விலை போட்டு அங்கிளிடம் நேராக மீன் வாங்கி, அன்றைக்கே அதை அடுப்பில் வைத்து, உள்ளூர் மீனா என்று கேட்பவரிடம் ஆமாம், அதோ அந்தப் படகு என்று ஜன்னலைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது.

அடுத்த வருஷத்துக்கான திட்டத்தைக் குளிர்காலத்திலேயே எழுதத் தொடங்கிவிடுவீர்கள். மார்ச்சுக்கு முன்னால் ஒரு பதில் வந்தால், அதைத் துறைப் பலகையில் ஒட்டுகிறேன். பேரன் கொக்கிப் பெட்டியை இப்போதே வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டான், வசந்தத்தில் எடுக்கலாமா என்று கேட்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

இப்படிக்கு,
டோஃபினோவிலிருந்து ஒரு சமையல்காரன்