ஆதவ் கையைப் பற்றி

அன்புள்ள கவிதா கண்ணு,

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். ஆதவ் பேஸ்பாலில் பந்து வீசுகிற வீடியோவைத் தெருவில் பாதிப் பேருக்குக் காட்டிவிட்டேன். 12 வயதில் காலைத் தூக்கி, உடம்பைச் சுழற்றிப் பந்தை விடுகிறானே, பி.டி. வாத்தியாராகக் காலம் தள்ளிய என் கண்ணே பட்டுவிடும் போலிருக்கிறது.

ஆனால் பனிக்காலத்திலும் தனிக் கோச் வைத்து உள்ளரங்கில் வீசப் பழக்கப்போவதாக மாப்பிள்ளை சொன்னார். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிங்க மாமா" என்று முடித்துவிடுவார்.

டாமி ஜான் பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்காது. பந்து வீசி முழங்கை அறுந்தவர்களுக்கு அமெரிக்காவில் செய்கிற ஆபரேஷனுக்கே அவர் பெயர்தான். ஆபரேஷன் பிரபலமானதில் ஆள் மறந்துபோய்விட்டார். இந்தியானா மாநிலத்துக்காரர், இடது கை பிட்சர், அதாவது பேஸ்பாலில் பந்து வீசுகிறவர். 1974 ஜூலையில், டாட்ஜர்ஸ் என்ற அணிக்கு வீசி, தன் பெயரில் 13 வெற்றி, 3 தோல்வி என்று அமர்க்களமாக ஆடிக்கொண்டிருந்தபோது முழங்கையின் உள்பக்க லிகமென்ட், எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கிற நார், அறுந்துபோனது. அதுவரை அப்படி ஆன பிட்சர் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஃபிராங்க் ஜோப் என்ற டாக்டர் அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டுக் கோத்துக் கட்டினார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துக்கொண்டு மணிக்கட்டை மடக்கிப் பார், நடுவில் ஒரு நாண் விறைத்துத் தெரியும். அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. அம்மாவுக்கு இல்லை, பார்த்துவிட்டேன்.

நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார் டாக்டர். நரம்புக் கோளாறால் இன்னொரு ஆபரேஷனும் ஆனது. 1975 முழுக்க ஆடவில்லை. 1976-இல் திரும்பி வந்தவர், 1989 வரை, 46 வயது வரை வீசினார். மொத்தம் 288 வெற்றி, அதில் 164 அந்தக் கட்டிய கையால் வந்தவை. அப்படியும் பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கவில்லை. என்ன கணக்கோ!

இதைக் கேட்டுவிட்டு "கை போனால் ஆபரேஷன் இருக்கிறதே" என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால் லிகமென்ட் அறுந்தபோது அவருக்கு வயது 31. அவரும் வருஷம் பூரா ஒரே பந்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவர் இல்லை, பள்ளியில் பாஸ்கெட்பாலிலும் கெட்டிக்காரர். சின்னப் பையன்களுக்கு இந்த ஆபரேஷன் நடப்பதைப் பற்றி அவரே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார்.

சிறுவர் பேஸ்பால் நடத்துகிற லிட்டில் லீகில் இந்த வயதுப் பையன் ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது, 66 வீசினாலே நாலு நாள் ஓய்வு. மாப்பிள்ளை அதைச் சரியாகத்தான் பார்த்துக்கொள்கிறார். ஆனால் தனிக் கோச்சிடம் வீசுகிற பந்தை யார் எண்ணுகிறார்கள்? முழங்கைக்கு மேட்ச் எது, பயிற்சி எது என்று தெரியுமா? வருஷத்தில் நாலு மாசமாவது வீசவே கூடாது என்று அங்கத்திய பேஸ்பால் அமைப்புகளே சொல்லியிருக்கின்றன.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அவன் நீச்சல் அடிக்கட்டும், ஓடட்டும், சும்மாகூட இருக்கட்டும். கோச்சுக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள். அம்மா பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா