டவர்ல உக்காந்திருக்கவங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க: ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி போர்டுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி சேர்மன் அவர்களுக்கும், போர்டு மெம்பர்களுக்கும், சிவில் ஏவியேஷன் மினிஸ்ட்ரில ஏர் டிராஃபிக் கண்ட்ரோல் ஃபைலைப் பாக்குற அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் ஃப்ளைட்டுகளுக்கு வழி சொல்ற கண்ட்ரோலர் இல்ல, உங்க ஸ்டாஃபும் இல்ல. சென்னைல இருக்கேன், ஃப்ளைட்னா சின்ன வயசுலேர்ந்தே ஒரு கிறுக்கு, அந்தக் கிறுக்கால டவர்லயும் ரேடார் ரூம்லயும் வேலை பாக்குற சில பேர் ஃப்ரெண்ட்ஸ் ஆயிட்டாங்க. அவங்க யாரும் இப்படி வெளிப்படையா எழுத முடியாது, நடத்தை விதின்னு ஒண்ணு இருக்கு, மறுநாளே மெமோ வந்துடும். எனக்கு மெமோ குடுக்க ஆள் இல்லாததால நான் எழுதுறேன். இதுல ஆபீஸ் ரகசியம் எதுவும் இல்ல, எல்லாம் பேப்பர்ல வந்ததும், பார்லிமென்ட்ல வெச்சதும், வேலை எப்படி நடக்கும்னு ஃப்ரெண்ட்ஸ் பொதுவா சொன்னதும்தான்.

2025 நவம்பர்ல டெல்லில நடந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, ஆனா படிக்கிற மத்தவங்களுக்காக சொல்றேன். 6ஆம் தேதி ஏஎம்எஸ்எஸ்னு சொல்ற மெசேஜ் ஸ்விட்சிங் சிஸ்டம் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது, 7ஆம் தேதி 800க்கு மேல ஃப்ளைட் லேட். எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல "ரேடார் போச்சு"ன்னு ஃபார்வர்டு பண்ணிக்கிட்டு இருந்தாங்க. ரேடார் போகல. ஏர்லைன்காரங்க ஃபைல் பண்ற ஃப்ளைட் பிளான், அதாவது எந்த ரூட்ல, எந்த உயரத்துல, எந்த ஸ்பீடுல போறோம்ங்கிற விவரம், இந்த சிஸ்டம் வழியாத்தான் கண்ட்ரோலரோட ஸ்கிரீனுக்குத் தானா வந்து சேரணும், அது வரல. அதனால ஒவ்வொரு ஃப்ளைட்டோட பிளானையும் கையால ஏத்தி, சரி பாத்து, அப்புறம்தான் கிளியரன்ஸ். நாட்டுலயே ரொம்ப பிஸியான ஏர்போர்ட்ல இத ஒரு நாள் முழுக்க பண்ணி, ஒரு அசம்பாவிதம் இல்லாம முடிச்சவங்க அங்க ஷிஃப்ட்ல இருந்த கண்ட்ரோலர்களும், ரேடியோ, ரேடார் மாதிரி கருவிகளைப் பாத்துக்குற சிஎன்எஸ் இன்ஜினியர்களும்தான். அப்புறம் என்ன ஆச்சுன்னா ரூட் காஸ் அனாலிசிஸ், அதாவது மூல காரணம் என்னன்னு ஆய்வு, பண்ணச் சொன்னாங்க, கூடுதல் சர்வர் வைக்கச் சொன்னாங்க. நல்லது. ஆனா கண்ட்ரோலர்களோட சங்கமான கண்ட்ரோலர்ஸ் கில்ட் அதே வருஷம் ஜூலைலயே டெல்லி, மும்பை ஆட்டோமேஷன் சிஸ்டம் திணறுதுன்னு எம்பிக்களுக்கு எழுதியிருந்தாங்களே, அந்த லெட்டருக்கு நாலு மாசமா யாரு என்ன பதில் சொன்னாங்க? நான் கேக்குறது அவ்வளவுதான்.

நவீனமாக்கல்னா உங்களுக்கு அது ஒரு டெண்டர். ஸ்பெசிஃபிகேஷன் எழுதுவாங்க, வாங்குவாங்க, படம் எடுத்து ட்வீட் போடுவாங்க. ஆனா அந்த மெஷின்ல ராத்திரி ரெண்டரை மணிக்கு உக்காரப் போறவரை எந்த ஸ்டேஜ்ல கூப்பிடுறீங்க? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் கடைசி ஸ்டேஜ்ல, ட்ரெய்னிங் குடுக்கும்போது.

கொஞ்சம் பழைய கதைக்குப் போறேன், பொறுத்துக்குங்க. 1996 நவம்பர் 12, ஹரியானால சர்க்கி தாத்ரி. டெல்லிலேர்ந்து கெளம்புன சவூதியா ஜம்போவும் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் போயிட்டாங்க, ரெண்டு ஃப்ளைட்லயும் ஒருத்தரும் மிஞ்சல. 15,000 அடில இருக்கச் சொன்ன கஜகஸ்தான் விமானம் அதுக்கும் கீழ இறங்கிடுச்சு, தப்பு அந்த க்ரூ மேலன்னு விசாரணை சொல்லுச்சு, அதுல எனக்கு வேற கருத்து இல்ல. ஆனா அன்னிக்கு டெல்லில ஏறுற, இறங்குற ஃப்ளைட்டுகளைப் பாக்குற அப்ரோச் கண்ட்ரோலர் முன்னாடி இருந்தது பிரைமரி ரேடார், அதுல புள்ளி தெரியும், உயரம் தெரியாது. உயரம் காட்டுற செகண்டரி ரேடார் இன்னும் வேலைக்கு வரல, போட்டுக்கிட்டே இருந்தாங்க. வர்றதுக்கும் போறதுக்கும் ஒரே வழி, ஏன்னா மிச்ச வானம் ஏர்ஃபோர்ஸ் கைல. தனி வழி, மோதல் வரப் போகுதுன்னு பைலட்டை எச்சரிக்கிற டிகாஸ் கருவி கட்டாயம், இதெல்லாம் அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு.

இன்னொண்ணு ஜெர்மனில உபர்லிங்கன், 2002 ஜூலை 1, வானத்துல ரெண்டு விமானம் மோதுச்சு. இத நீங்க எல்லாரும் ஒரு தடவை உக்காந்து படிக்கணும்னு ஆசைப்படுறேன், ஏன்னா அது முழுக்க மேனேஜ்மென்ட் கதை. அந்த வானத்தைப் பாத்துக்கிட்டு இருந்த சுவிட்சர்லாந்தோட ஜூரிச் கண்ட்ரோல் ரூம்ல ராத்திரி மெயின் சிஸ்டத்துல அப்கிரேடு வேலை நடக்குது, மோதல் வரப் போகுதுன்னு ஸ்கிரீன்ல காட்டுற அலாரம் இல்ல, மெயின் ஃபோன் லைனும் ஆஃப். ட்யூட்டில ரெண்டு பேர், அதுல ஒருத்தர் ரெஸ்ட்டுக்குப் போயிட்டார், அது அங்க ரொம்ப நாளா நடக்குற வழக்கம், மேல இருந்தவங்களுக்கும் தெரியும். மிச்சம் இருந்த ஒருத்தர் ரெண்டு ஸ்கிரீன் பாத்துக்கிட்டு இருந்தார். 71 பேர் செத்தாங்க, பாதிக்கு மேல சின்னப் பசங்க. அந்த கண்ட்ரோலரை ரெண்டு வருஷம் கழிச்சு, குடும்பத்தையே பறிகொடுத்த ஒரு அப்பா வீட்டு வாசல்லயே வெச்சு குத்திக் கொன்னுட்டார். ஆனா சுவிஸ் கோர்ட் ட்யூட்டில இருந்த ஆளோட நிக்கல, 2007ல அந்த கண்ட்ரோல் ரூமை நடத்துன ஸ்கைகைடு கம்பெனியோட நாலு பேருக்குத் தண்டனை குடுத்துச்சு, அதுல மேனேஜர்களும் உண்டு. அந்த தீர்ப்பு வந்த மாதிரி நம்ம ஊர்ல வருமான்னு யோசிச்சுப் பாத்தேன். வராது. இங்க முதல்ல சஸ்பெண்ட் ஆகுறது ஹெட்செட் போட்டிருந்த ஆள்தான்.

சரி, தலைமை விஷயத்துக்கு வர்றேன். 1995 ஏப்ரல் 1ல ரெண்டு அத்தாரிட்டியைச் சேத்து உங்க ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டியை உண்டாக்கினாங்க. அன்னிலேர்ந்து ஒரே நிறுவனம் டெர்மினலும் கட்டணும், வானத்தையும் பாத்துக்கணும். டெல்லி ஏர்போர்ட்டை ஜிஎம்ஆரும் மும்பையை அதானியும் நடத்துறாங்க, ஆனா அங்க டவர்ல இருக்கறது உங்க ஆளுங்கதான்னு நிறைய பயணிகளுக்குத் தெரியாது. கனடா 1996லயே இந்த வேலையைத் தனியாப் பிரிச்சாச்சு, நியூசிலாந்து அதுக்கும் முன்னாடி 1987ல. தனியாப் பிரிச்சாத்தான் உருப்படும்னு நான் சொல்ல வரல, பிரைவேட்டைஸ் பண்ணச் சொல்லி கொடி புடிக்கவும் வரல. ஆனா ஒரே போர்டுல டெர்மினலும் டவரும் இருந்தா எதுக்குக் கண்ணு போகும்னு பாருங்க. திருச்சிக்கு 2024 ஜனவரில புது டெர்மினல், தூத்துக்குடிக்கு 2025 ஜூலைல, ரெண்டுக்கும் பிரதமரே வந்தார். ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, திருச்சி டெர்மினலைப் பாத்துட்டு எங்க அம்மா கோயில் மாதிரி இருக்குன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. ஆனா கண்ட்ரோலர் உக்காருற ஒரு கன்சோலுக்கு ஆள் போட்டதுக்கு யாரு ரிப்பன் வெட்டியிருக்காங்க?

சேர்மன் சீட்டுக்கு சமீப வருஷங்கள்ல பெரும்பாலும் ஐஏஎஸ் அதிகாரிங்கதான் வர்றாங்க. திறமையானவங்க, சந்தேகம் இல்ல. வந்து, கத்துக்கிட்டு, ஒரு பிளானை ஆரம்பிக்கிற நேரத்துல வேற போஸ்டிங். ஒரு ஆட்டோமேஷன் சிஸ்டத்தைத் திட்டம் போட்டு வாங்கி ஓட்டிக் காட்ட வருஷக்கணக்காகுமே, ஆரம்பிச்சவர் ஒருத்தர், பில் பாஸ் பண்றவர் இன்னொருத்தர், ஃபெயில் ஆகும்போது மைக் முன்னாடி நிக்கிறவர் மூணாவது ஆள்.

ஆள் பஞ்சம் பத்தி சொல்லியே ஆகணும். 2014ல 74 ஏர்போர்ட் ஓடிக்கிட்டு இருந்துச்சு, இப்ப 160ஐத் தாண்டியாச்சுன்னு அரசாங்கமே பெருமையா சொல்லுது. 2023ல ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ் கண்ட்ரோலர் போஸ்டுக்கு 496 இடம், 2025ல 309 இடம். இடம் போட்டதும் ஆள் ரெடின்னு நினைக்காதீங்க. பிரயாக்ராஜ்லயோ ஹைதராபாத்லயோ கோண்டியாலயோ கோர்ஸ் முடிச்சு, ஒரு ஸ்டேஷனுக்கு வந்து, அந்த ஸ்டேஷனோட ரேட்டிங், அதாவது அங்க தனியா வேலை பாக்குற தகுதி, வாங்கணும், டவருக்குத் தனி, அப்ரோச்சுக்குத் தனி, ஏர்போர்ட்டைத் தாண்டி உயரத்துல போற ஃப்ளைட்டுகளைப் பாக்குற ஏரியாவுக்குத் தனி. இத மினிஸ்ட்ரில சில பேர் புரிஞ்சுக்கவே மாட்டேங்கிறாங்கன்னு தோணுது: பத்து வருஷம் சர்வீஸ் போட்ட ஒருத்தரை வேற ஊருக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ணா, அங்க அவர் முதல் நாள்லேர்ந்து மறுபடியும் ட்ரெய்னி. பேப்பர்ல ரெண்டு ஸ்டேஷன்லயும் எண்ணிக்கை சரியா இருக்கும், நிஜத்துல ஒரு இடத்துல ஆள் போச்சு, இன்னொரு இடத்துல சில மாசத்துக்கு ஆள் இல்ல.

2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட் நிலைக்குழு, ஏவியேஷன் சேஃப்டி ரிப்போர்ட்ல இதையேதான் சொல்லுச்சு, கண்ட்ரோலர்கள் களைச்சுப் போறாங்க, ஆள் பத்தல, ட்யூட்டி நேர விதில உங்களுக்கு, விமானப் பாதுகாப்பு விதி போடுற டிஜிசிஏ விலக்கு குடுத்திருக்குன்னு. விதி போட்ட டிஜிசிஏலயே பாதிக்குப் பக்கமா போஸ்ட் காலின்னும் அதே ரிப்போர்ட்தான் சொல்லுது, அது தனிக் கூத்து. டிசம்பர்ல இண்டிகோ பைலட் ரெஸ்ட் விஷயத்துல நாடே அல்லோலகல்லோலப்பட்டுச்சு, ஆயிரக்கணக்குல ஃப்ளைட் கேன்சல், எல்லா டிவிலயும் அதான். பைலட் ரெஸ்ட் எடுக்கலன்னா ஃப்ளைட் நிக்கும், எல்லாருக்கும் தெரியும். கண்ட்ரோலர் ரெஸ்ட் எடுக்கலன்னா ஃப்ளைட் நிக்காது, ஓடிக்கிட்டே இருக்கும், அதனாலதான் யாரும் கேக்குறதில்ல.

வடகிழக்குப் பருவமழை ராத்திரி ஒண்ணுல சென்னை ஏரியா கண்ட்ரோல் எப்படி இருக்கும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்லி எனக்குத் தெரியும். புயல்னா ரன்வேயை மூடலாம், 2024ல ஃபெங்கல் அப்ப நவம்பர் 30 மத்தியானம் மூடி மறுநாள் விடியக்காலைலதான் திறந்தாங்க. ஆனா ரன்வேயை மூடினா வானத்தை மூடின மாதிரி ஆகாது. ஐரோப்பாலேர்ந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் போற ஃப்ளைட் நிறைய நம்ம தலைக்கு மேலதான் கிராஸ் பண்ணுது. இடி மேகம் வரிசையா நிக்கும்போது ஒரு பைலட் இடது பக்கம் இருபது மைல் விலகணும்ங்கிறார், அவருக்கு இடது பக்கம் வர்ற இன்னொருத்தர் அதே நேரம் வலது பக்கம் விலகணும்ங்கிறார், நடுவுல ஒருத்தர் உயரம் கேக்குறார். கரைலேர்ந்து ரொம்ப தூரம் போயிட்டா ரேடார் எட்டாது, டேட்டாலிங்க்ல மெசேஜ், அது இல்லன்னா கொரகொரன்னு கேக்குற எச்எஃப் ரேடியோ. ஷிஃப்ட் மாத்த வர்றவர் உடனே சீட்ல உக்காந்துட மாட்டார், பின்னாடி நின்னு, ஹெட்செட்டைச் சொருகி, படம் மொத்தமா மண்டைல ஏறுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பார், அப்புறம்தான் கை மாறும். அந்த சில நிமிஷத்துக்கும் சேத்து ஆள் வேணும். ரோஸ்டர் போடுறவங்க அதைக் கணக்குல எடுத்துக்குறாங்களா?

அமெரிக்காலயும் இதே கதைதான்னு பதில் வரும், தெரியும். 2025 ஏப்ரல் 28ல நியூவார்க் ஏர்போர்ட்டைப் பாக்குற கண்ட்ரோலர்களுக்கு ரேடாரும் ரேடியோவும் ஒண்ணரை நிமிஷம் போல போச்சு, அந்த அதிர்ச்சில சில பேர் லீவுல போயிட்டாங்க. ஆனா அங்க அது மாசக்கணக்கா பேசப்பட்டுச்சு, எந்த லைன், எந்த வயர்னு எல்லாம் வெளில வந்துச்சு. நம்ம ஊர்ல "டெக்னிக்கல் இஷ்யூ"ன்னு ரெண்டு வரி ப்ரெஸ் ரிலீஸ். டெல்லி ரூட் காஸ் ரிப்போர்ட்டை முழுசா வெளியிடுங்க, பாதுகாப்புக்காக கறுப்படிக்க வேண்டியதை அடிச்சுட்டாவது வெளியிடுங்க.

எல்லா ஸ்டேஷன்லயும் எத்தன பொசிஷன், ரேட்டிங்கோட இருக்கவங்க எத்தன பேர், மூணு மாசத்துக்கு ஒரு தடவை வெப்சைட்ல போடுங்க, டெர்மினல் படம் போடுற அதே பக்கத்துல போட்டாலும் சரி. அடுத்த ஆட்டோமேஷன் டெண்டருக்கு ஸ்பெசிஃபிகேஷன் எழுதும்போது, ஷிஃப்ட்ல இன்னும் வேலை பாத்துக்கிட்டு இருக்க கண்ட்ரோலரும் சிஎன்எஸ் இன்ஜினியரும் கமிட்டில கையெழுத்து போடுற இடத்துல இருக்கணும், டீ குடிச்சுட்டுப் போற இடத்துல இல்ல. ட்யூட்டி நேர விலக்கு எந்தத் தேதியோட முடியுதுன்னு எழுத்துல சொல்லுங்க. போர்டுல இந்த வேலையைப் பாக்குற ஏர் நேவிகேஷன் மெம்பருக்கு அவரோட பட்ஜெட்டை அவரே முடிவு பண்ற அதிகாரத்தையும், ஃபெயில் ஆனா பார்லிமென்ட் கமிட்டி முன்னாடி அவரே பதில் சொல்ற பொறுப்பையும் சேத்துக் குடுங்க. அப்புறம், குறை சொல்லி உள்ளுக்குள்ள லெட்டர் எழுதுறவங்களுக்கு மெமோ போகாதுன்னு ஒரே ஒரு சர்க்குலர் போட்டீங்கன்னா, அடுத்த மடலை என்ன மாதிரி வெளி ஆள் எழுத வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
சென்னைலேர்ந்து ஒரு பயணி