ஓகிகுபோ போய்வந்தேன்: கூட நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

நாகோயாவிலிருந்து டோக்கியோவுக்கு ஒரு நாள் போய்வர எத்தனை பேர் தயவு தேவைப்பட்டது என்று திரும்பி வந்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். நேரில் சொன்ன நன்றியெல்லாம் அவசரத்தில், பாதி ஜப்பானிய மொழியிலும் பாதி தலையாட்டலிலும் சொன்னது. அதனால் இங்கே ஒரு முறை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: எங்கள் பல்கலைக்கழக விழாவுக்கு ஒரு நிமிட அனிமே செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். படிப்பது இயந்திரப் பொறியியல். எனக்கு வரைய வரும், வரைந்ததை அசைக்க வராது.

முதல் நன்றி எங்கள் ஜப்பானிய மொழி ஆசிரியருக்கு, அதாவது சென்செய்க்கு. நான் மிடாகாவில் இருக்கும், ஜிப்லி என்ற பெயர்பெற்ற அனிமே ஸ்டுடியோவின் மியூசியத்துக்குத்தான் போக நினைத்தேன். முன்பதிவுச் சீட்டு கிடைக்கவில்லை. "உனக்கு வேடிக்கை பார்க்க வேண்டுமா, வேலை கற்றுக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு, டோக்கியோவின் ஓகிகுபோ பகுதியில் இருக்கும் சுகினாமி அனிமேஷன் மியூசியத்தைக் காட்டியவர் அவர்தான். அனுமதி இலவசம். சுற்றுவட்டாரத்தில் நிறைய அனிமே ஸ்டுடியோக்கள் இருக்கும் பகுதி அது. அதோடு விடாமல், அங்கே பக்கத்தில் வசிக்கும் தன் கல்லூரித் தோழிக்கு நானே கடிதம் எழுத வேண்டும் என்று சொல்லி, மரியாதைச் சொற்களை நான்கு முறை திருத்தினார்.

குளிருக்குத் தன் கோட்டைக் கொடுத்த வியட்நாம் அறைத்தோழனுக்கும் நன்றி. பையில் இருந்த மிட்டாய்களை நான்தான் தின்றேன்.

இரவு பஸ் விடியற்காலையில் ஷின்ஜுகுவில் இறக்கிவிட்டது. மியூசியம் திறக்கப் பத்து மணி ஆகும். நிஷிகசாயில் இருக்கும் அக்காவும் மாமாவும் கதவைத் திறந்து, குளிக்க வெந்நீர் கொடுத்து, இட்லி போட்டார்கள். கிளம்பும்போது அக்கா ஒரு டிபன் பாக்ஸில் புளியோதரையும் கட்டிக் கொடுத்தார். தோசாய் லைனில் மிடாகா வண்டியாகப் பார்த்து ஏறினால் மாறாமலே ஓகிகுபோ போகலாம் என்று மாமா சொல்லியிருக்காவிட்டால் நான் மூன்று இடத்தில் இறங்கி ஏறியிருப்பேன்.

மியூசியத்தில் லைட் டேபிள் (அடியிலிருந்து வெளிச்சம் வரும் வரைமேசை) பக்கம் இருந்த பணியாளருக்கு நன்றி. நான் தாளைக் கோணலாக வைத்துப் போராடுவதைப் பார்த்து, டாப் என்கிற கட்டையில் துளைகளை எப்படி மாட்டுவது என்று காட்டினார். எத்தனை தாள் அடுக்கினாலும் படம் நகராமல் இருப்பது அந்தச் சின்னக் கட்டையால்தான். அப்புறம், குரல் கொடுத்துப் பார்க்கும் இடத்தில் என்னோடு நின்ற ஆறு வயதுப் பையனுக்கும் நன்றி. நாயகன் அவன், மிச்சக் குரலெல்லாம் நான். என் உச்சரிப்புக்கு அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இனி ஒரு வெட்கக்கேடு. கேள்விகள் எழுதி வைத்திருந்த ஃபைலை ஸ்டேஷனுக்குத் திரும்பிய பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். பஸ் அலுவலகத்தில் இருந்த பெரியவர் நான்கைந்து இடத்துக்குப் போன் செய்து கண்டுபிடித்து, மழை தூறுகிறதே என்று பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தார். இதில் நாற்பது நிமிடம் போயிற்று. அதுவரை காபிக் கடையில் காத்திருந்தார் சென்செயின் தோழி.

அந்த அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் டூகா வரைந்தவர். மூத்த கலைஞர் முக்கியமான நிலைகளை வரைந்தால் அது கெங்கா. அவற்றின் கோட்டைச் சுத்தமாக எடுத்து, நடுவில் வரும் படங்களை நிரப்புவது டூகா. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையில் பென்சிலைக் கொடுத்துவிட்டார்.

திறந்த கண் ஒன்று, மூடிய கண் ஒன்று வரைந்து, "நடுவில் ஒன்று போடு" என்றார். பொறியியல் புத்தி, அளந்து சரிபாதியில் இமையைப் போட்டேன். மூன்று தாளையும் விரலிடுக்கில் வைத்துப் புரட்டினார். கடை ஷட்டர் இறங்குவது போல இருந்தது! பிறகு அவர் இமையை மூடிய கண்ணுக்கு நெருக்கமாக இறக்கி, கீழ் இமையை ஒரு மயிரிழை தூக்கி வரைந்தார். தனியாகப் பார்த்தால் தப்பாகத் தெரிந்த அந்தப் படம், புரட்டியதும் உயிரோடு சிமிட்டியது.

எந்த ஃப்ரேமில் எந்தப் படம் வரும் என்று குறிக்கும் பழைய டைம்ஷீட் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். ஒரு தாளில் ஆறு விநாடி, 144 ஃப்ரேம். அத்தனைக்கும் தனித்தனிப் படம் வேண்டாம், மூன்று ஃப்ரேமுக்கு ஒரு படம் என்றால் விநாடிக்கு எட்டே போதும். 1963 இல் மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) கலைஞர் டெசுகாவின் 'டெட்சுவான் அட்டோம்' (ஆங்கிலத்தில் 'ஆஸ்ட்ரோ பாய்') வாரா வாரம் டிவியில் வரத் தொடங்கியபோது, காசும் ஆளும் போதாமல் கையாண்ட சிக்கனம் பிறகு அந்தக் கலையின் நடையாகவே ஆகிவிட்டது. நான் எதையோ ரகசியம் என்று தேடி வந்திருந்தேன். அவரோ எங்கே வரையாமல் விடலாம் என்பதைத்தான் அதிக நேரம் சொன்னார். கோட்டில் சின்ன இடைவெளி விட்டாலும் கணினியில் வண்ணம் வெளியே கசியும், நிழலின் எல்லைக்கு நீலப் பென்சில், இப்படி இரண்டு மணி நேரம்.

படத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்கும் வேலை அது. அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. முடிவுப் பாட்டு வந்ததும் அந்தப் பொடி எழுத்துப் பெயர்களைத் தள்ளிவிட்டு அடுத்த பகுதிக்குத் தாவியவன்தானே நான். காபிக்குக்கூட என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

சென்செய், இதைத் தோழிக்கு ஜப்பானிய மொழியில் எழுதி வருகிறேன், ஐந்தாவது முறையும் திருத்தித் தாருங்கள். ஒரு நிமிடப் படத்தில் இதுவரை நான்கு விநாடி முடிந்திருக்கிறது. அதில் ஒரு பெண் கண் சிமிட்டுகிறாள்.

அக்கா, டிபன் பாக்ஸ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. காலி டப்பாவாகத் திருப்பித் தர மாட்டேன். ஆனால் என் சமையலை நம்பி மாமா பசியோடு உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.