குற்றப்பதிவு தேடும் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடை முதலாளிகளே, பணியமர்த்தும் மேலாளர்களே, வேலைவாய்ப்பு முகவர்களே,

வணக்கம். ஆள் எடுப்பதற்கு முன் "இவர்மேல் கேஸ் இருக்கிறதா, வாரண்ட் இருக்கிறதா" என்று பார்த்துவிட நினைப்பதில் தவறில்லை. கல்லாப்பெட்டியையும் லாரிச் சாவியையும் யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் பொறுப்பு உங்களுக்கு உண்டு. ஆனால் அதைத் தேடும் இடமும் கேட்கும் விதமும் பல நேரங்களில் தவறிவிடுகின்றன. அதனால் நல்ல ஊழியர் வாசலோடு திரும்பிப் போகிறார். உங்களிடம் ஏற்கெனவே வேலை செய்பவர்மேல் வாரண்ட் விழாமல் தடுக்கும் வேலையோ யாராலும் கவனிக்கப்படாமல் கிடக்கிறது.

சிங்கப்பூரில் ஒருவரின் குற்றப்பதிவை இன்னொருவர் தேடிப் பார்க்க வழி கிடையாது. 1949ஆம் ஆண்டின் குற்றவாளிகள் பதிவுச் சட்டப்படி அந்தப் பதிவேடு காவல்துறையிடம் இருக்கிறது. அது பொதுமக்களுக்குத் திறந்ததன்று. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வட்டார நீதிமன்ற ஆவணங்களை யாரும் புரட்டலாம். அந்த ஊர் நடைமுறையை வைத்துப் பிழைக்கும் தளங்கள்தாம் "பெயரைக் கொடுங்கள், வாரண்ட் விவரம் தருகிறோம்" என்று கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்கின்றன. நம் ஊர்ப் பதிவேட்டை அவை தொடக்கூட முடியாது. அங்கே ஊழியரின் அடையாள அட்டை எண்ணையும் சேர்த்துத் தட்டிவிட்டால், அவருடைய தனிப்பட்ட தகவலைக் காக்க வேண்டிய நீங்களே அதைக் கைமாற்றிவிட்டீர்கள் என்று பொருள். அட்டை எண்ணையோ நகலையோ தேவையில்லாமல் வாங்கக் கூடாது என்ற வழிகாட்டுதல் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது.

அடுத்தது, "போலிஸ் கிளியரன்ஸ் கொண்டு வா" என்பது. சிஓசி எனப்படும் அந்தச் சான்றிதழைக் குற்றப் புலனாய்வுத் துறை தருகிறது. வெளிநாட்டில் குடியேற, படிக்க, வேலை செய்ய அந்நாட்டு அதிகாரிகள் கேட்கும்போது பயன்படுவது அது. விரல்ரேகை, கட்டணம், காத்திருப்பு எல்லாம் உண்டு. தேக்காவில் ஒரு கடையில் பில் போடும் வேலைக்காக அதைக் கேட்பது, ஊழியரை அந்தத் துறை அலுவலகம் உள்ள நியூ பிரிட்ஜ் ரோட்டுக்கு வீணாக அலையவிடுவதுதான்.

அரசு நீதிமன்றங்களின் விசாரணைப் பட்டியலை யாரும் இணையத்தில் பார்க்கலாம் என்பது உண்மை. அதில் பெயரும் வழக்கு எண்ணும் இருக்கும், அடையாள அட்டை எண் இருக்காது. குமார் என்றும் முருகன் என்றும் நம்மில் எத்தனை பேர்! மேலும், அது விசாரணைக்கு வரவிருக்கும் வழக்குகளின் பட்டியல்தான். பெயர் அதில் இருப்பதால் ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். தீர்ப்புகளை இலவசமாகத் தரும் இ-லிட்டிகேஷன் தளத்திலும் எழுத்துமூலத் தீர்ப்பு வெளியான வழக்குகளே கிடைக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டு அன்றைக்கே அபராதம் கட்டி முடிந்த வழக்குகளில் பெரும்பாலானவை அங்கே வருவதில்லை. எனவே பெயர் கிடைக்கவில்லை என்பதை வைத்தும் எந்த முடிவுக்கும் வர முடியாது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் ஊழியருக்காக, இந்திய நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தைப் பார்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சிஎன்ஆர் எண் கையில் இருந்தால் வழக்கின் நிலை சரியாக வரும். பெயரையும் ஆண்டையும் மட்டும் போட்டால் அதே இனிஷியலில் வேறு பல பேர் வந்து நிற்பார்கள். முதல் தகவல் அறிக்கை என்பது ஒரு புகாரின் பதிவு. வயல் வரப்புத் தகராறில் குடும்பத்து ஆண்கள் அத்தனை பேரையும் சேர்த்து எழுதிய அறிக்கைகள் ஊரில் ஏராளம். பார்க்கத்தான் வேண்டுமென்றால் ஊழியரைப் பக்கத்தில் உட்காரவைத்து, தந்தை பெயரையும் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேர்காணலில் நேரடியாகக் கேட்கலாமே என்றால், கேட்கலாம். வேலைக்குத் தொடர்புள்ள கேள்வியாக இருக்கட்டும். ஓட்டுநரிடம் வாகனக் குற்றங்களைப் பற்றியும் காசாளரிடம் திருட்டு, மோசடி பற்றியும் கேட்பது பொருத்தம். ஒன்றை மனத்தில் வையுங்கள்: சிலருக்கு "இல்லை" என்று பதில் சொல்லச் சட்டமே உரிமை தருகிறது. சிறைத்தண்டனை 3 மாதத்துக்கு மேற்படாமல், அல்லது அபராதம் 2,000 வெள்ளிக்கு மேற்படாமல், அந்த ஒரே ஒரு குற்றத்தீர்ப்பு மட்டும் இருந்து, அதன்பின் 5 ஆண்டுகள் குற்றமில்லாமல் வாழ்ந்தவரின் பதிவு தானாகவே 'ஸ்பென்ட்', அதாவது காலம் கடந்து செல்லாததாக, ஆகிவிடும். சிறைக்குச் சென்றவருக்கு விடுதலையான நாளிலிருந்து 5 ஆண்டு எண்ணப்படும். கடுமையான சில குற்றங்களுக்கு இது பொருந்தாது. இந்த வரம்புக்குள் வராதவர் காவல்துறை ஆணையரிடம் விண்ணப்பிக்கலாம். தன் நிலை தெரியாத ஊழியர், அரசின் இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸ் மூலம் காவல்துறையின் இணையச் சேவையில் தானே பார்த்துக்கொள்ளலாம். அந்தத் திரையைக் காட்டச் சொல்லி அவரை நெருக்காதீர்கள். பழைய பதிவு உள்ளவரைத் தெரிந்தே எடுக்க மனம் உள்ளவர்களுக்கு முன்னாள் கைதிகள் வேலை பெற உதவும் மஞ்சள் நாடா சிங்கப்பூர் அமைப்பு துணை நிற்கும்.

இனி வாரண்ட். நம் ஊழியர்கள் பலருக்கு இது பெரிய குற்றத்தால் வருவதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் ஓர் அபராதச் சீட்டு, கட்டத் தவறியதும் நினைவூட்டல், பிறகு அழைப்பாணை. அழைப்பாணைக் கடிதம் பழைய வீட்டுக் கதவடியில் கிடக்கும். குறித்த நாளில் நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை, கைதாணை பிறக்கிறது. அதற்குக் காலாவதி கிடையாது. நிறைவேற்றப்படும்வரை அல்லது நீதிமன்றம் நீக்கும்வரை உயிரோடு இருக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போக சாங்கியில் கடவுச்சீட்டை நீட்டும்போதுதான் சிலருக்கு விஷயமே தெரியவருகிறது.

இதில் பாதி முகவரிச் சிக்கல். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வீடு மாறிய 28 நாட்களுக்குள் முகவரியை மாற்றியாக வேண்டும். வொர்க் பெர்மிட் ஊழியர் தங்கும் விடுதி மாறினால் மனிதவள அமைச்சின் இணையச் சேவையில் 5 நாட்களுக்குள் மாற்ற வேண்டியவர் முதலாளி. இந்த வாரமே உட்கார்ந்து ஒவ்வொருவர் முகவரியையும் சரிபாருங்கள். நிறுவன லாரிக்கு வரும் கடிதங்களைப் பிரிக்காமல் மேசையில் குவிக்காதீர்கள். ஓட்டியவர் யாரென்று கெடுவுக்குள் தெரிவிக்காவிட்டால் பொறுப்பு உரிமையாளர்மேல் வந்து விழும்.

வாரண்ட் இருப்பதாகத் தெரிந்தால் ஊழியர் ஒளியக் கூடாது; நீங்களும் ஒளிக்கக் கூடாது. ஹேவ்லாக் ஸ்குவேரில் உள்ள அரசு நீதிமன்றங்களுக்கோ ஓர் அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்கோ தானாகவே செல்வது நல்லது. அடையாள அட்டை அல்லது வொர்க் பெர்மிட், கடவுச்சீட்டு, கிடைத்த கடிதங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். பிணை நிற்க 21 வயது நிறைந்த குடிமகனோ நிரந்தரவாசியோ கூடப் போனால் அன்றைக்கே வீடு திரும்பும் வாய்ப்பு கூடும். அபராதத்தை மட்டும் கட்டினால் வாரண்ட் போய்விடும் என்று எண்ண வேண்டாம். அதை நீக்குவது நீதிமன்றம்தான். உடல்நலமில்லாமல் வராதவர் காட்டும் மருத்துவச் சான்றில் 'நீதிமன்றத்துக்கு வர இயலாத நிலை' என்று எழுதியிருக்க வேண்டும். வேலைக்குக் கொடுக்கும் சாதாரண எம்சி செல்லாது. இதில் சறுக்குபவர்கள் அதிகம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2022 டிசம்பரிலிருந்து அரசின் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் இருக்கிறது. மற்றவர்கள் இலவசச் சட்ட உதவி தரும் ப்ரோ போனோ எஸ்ஜி அமைப்பிடம் கேட்டுப் பார்க்கலாம். அன்றைக்கு அவருக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள் என்பது எங்கள் வேண்டுகோள்.

வாரண்ட் என்ற சொல்லின் அச்சத்தை மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். "உங்கள் பெயரில் கைதாணை, பணத்தைப் 'பாதுகாப்புக் கணக்குக்கு' மாற்றுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சீருடையோடு தோன்றுபவர் போலிஸ் அல்ல. காவல்துறை தொலைபேசியில் பணம் மாற்றவோ வங்கி ரகசிய எண்ணைச் சொல்லவோ கேட்காது. சந்தேகம் வந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடும்படி, வேலையிடத்து அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
நீதிமன்றக் கடிதங்களைப் படித்துச் சொல்லும் தொண்டூழியர்கள்