அட்லாண்டிக்கில் என் உறக்கத்தைக் காத்தவர்களுக்கு நன்றி

மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய தீவு நாடான கேப் வெர்டேயின் மிண்டெலோ துறைமுகத்திலிருந்து கரீபியன் தீவான பார்படோஸ் வரை, ஏறத்தாழ 2,000 கடல் மைலை 40 அடிப் பாய்மரப் படகு ஒன்றில் 16 நாள்களில் கடந்து, நாங்கள் நால்வரும் நலமாகக் கரை சேர்ந்துவிட்டோம். துணை நின்றவர்களுக்குத் தனித்தனியே ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன் என்றாலும், அவர்கள் செய்த உதவி எத்தகையது என்பதை நம்மவர்களும் அறிய வேண்டும் என்பதால் இம்மடலைத் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நன்றி படகின் உரிமையாளரான அம்மையாருக்கும் அவருடைய கணவருக்கும் உரியது. பெருங்கடல் பயணத்தில் நங்கூரம் பாய்ச்சி ஓய்வெடுக்க இடமே கிடையாது. இரவும் பகலும் படகு ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகையால் மூன்று மணி நேரத்துக்கு ஒருவராக முறை வைத்துக் காவல் இருந்தோம். தானியங்கிச் சுக்கான் திசையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் எதிரே வரும் சரக்குக் கப்பலையும், விண்மீன்களை மறைத்தபடி பின்னாலிருந்து நெருங்கும் மழைமேகத்தையும் மனிதக் கண்தான் பார்த்தாக வேண்டும். கரையோரப் பயணங்களைத் தவிர வேறு அனுபவம் இல்லாத என்னிடம் நான்காம் இரவே நள்ளிரவு முதல் மூன்று மணி வரையிலான முறையை ஒப்படைத்துவிட்டு, அவ்விருவரும் கீழே சென்று நிம்மதியாக உறங்கினார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒன்பதாம் இரவு, பாய்மரத்தின் உச்சியிலுள்ள கப்பியில் நாள்கணக்கில் உரசித் தேய்ந்திருந்த கயிறு அறுந்து, முன்பாய் முழுவதும் கடலில் விழுந்தது. பாதுகாப்பு வாரைப் படகோடு மாட்டிக்கொண்டு, நீரில் ஊறிக் கனத்த பாயை நால்வரும் முழங்காலிட்டு இழுத்து ஏற்றுவதற்குள், பக்கக் கம்பியில் சிக்கி அது ஒரு மீட்டர் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. அப்போது சுமார் 12 கடல் மைல் தொலைவில் சென்றுகொண்டிருந்த இன்னொரு படகினர் வானொலியில் எங்கள் குரலைக் கேட்டு, தங்கள் பாயைச் சுருக்கி வேகத்தைக் குறைத்து, விடியும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அழைத்து நலம் கேட்டார்கள். நல்ல காற்று வீசும் இரவில் ஒரு படகு தன் வேகத்தை விட்டுக்கொடுப்பது எத்துணை பெரிய உதவி என்பது கடலில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவர்களின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

எங்களோடு வந்த நான்காமவர் சமையலையும் தண்ணீர்க் கணக்கையும் ஏற்றிருந்தார். பாத்திரங்களைக் கடல் நீரில் கழுவினோம். சோற்றுக்குக்கூட மூன்றில் ஒரு பங்கு கடல் நீரையே ஊற்றி, உப்பைத் தனியே போடாமல் சமைத்தார். முட்டைகள் கெடாதிருக்க ஒருநாள் விட்டு ஒருநாள் அட்டைகளைத் திருப்பி வைப்பார். விடியற்காலையில் தளத்தில் விழுந்து கிடக்கும் பறவைக்கோலா மீன்களைப் பொறுக்கி, எண்ணெயில் பொரித்து, காவல் முடித்து வருபவருக்கு முதலில் தருவார். என் முறை முடியும் வேளையில், அலையில் சாய்ந்தாடும் அடுப்பிலிருந்து ஒரு துளி சிந்தாமல் தேநீர் கொண்டுவந்து தந்த அந்தக் கைகளை எப்படி மறப்பேன்!

அன்றாடம் செயற்கைக்கோள் கருவியில் இரண்டு வரிச் செய்தி வரும்வரை காத்திருந்த அம்மாவுக்கும், வடகிழக்கு வியாபாரக் காற்றின் போக்கை நாள்தோறும் கணித்து அனுப்பிய கரைவாழ் நண்பருக்கும் என் வணக்கம்.

இறுதியாக மிண்டெலோவின் பாய் தைக்கும் பெரியவருக்கு. சகாரா பாலைவனத் தூசு படிந்து எங்கள் கயிறுகள் எல்லாம் செம்மண் நிறமாகியிருந்த ஒரு பிற்பகலில், கேட்காமலேயே என்னை உட்காரவைத்து, ஊசியை உள்ளங்கையால் தள்ளும் தோல் கைக்கவசத்தை என் கையில் மாட்டி, பழைய பாய்த்துணியில் தைக்கக் கற்றுக்கொடுத்தார். புறப்படும்போது பணம் வாங்க மறுத்து, அந்தக் கைக்கவசத்தையும் கொடுத்தனுப்பினார். கிழிந்த பாயை இரண்டு நாள் அமர்ந்து நான் தைத்தது அதைக் கொண்டுதான். அந்தத் தையல் பார்படோஸ் வரை பிரியவில்லை. ஐயா, உங்கள் கைக்கவசம் பத்திரமாக இருக்கிறது. அடுத்து மிண்டெலோவுக்கு வரும் நண்பர் ஒருவரிடம், தைத்த இடத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பிவைக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் படகுத் தோழன்